மார்ச் ஏழு, ஜூலை மூன்று

அத்தான் போய்ச் சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. மேசைமேல் கிடந்த அக்காவின் போன் உறுமியது. தம்பி எடுத்துப் பார்த்தான். "நாளை, ஜூலை 3, இதய மருத்துவரைக் காண உங்கள் நாள். மறவாமல் வரவும்."

அந்த வரியை எழுதியதே அவன்தான். மருத்துவமனையின் முன்பதிவு இணையப்பக்கம் மொத்தமும் அவன் கைவேலை. 'மறவாமல்' வேண்டுமா வேண்டாமா என்று அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறான்.

"அதை ரத்து பண்ணணுமா, தானா போயிடுமா?" என்றாள் அக்கா, துணி மடித்தபடி.

"ஜூலைக்கா போட்டே? அவ்வளவு தள்ளியா?"

"அவருக்கு மார்ச் ஏழுக்குத்தான்டா போட்டேன். அன்னிக்குப் போனா, ஜூலை மூணுல பேர் இருக்கு, நீங்கதான் தப்பா அடிச்சிருப்பீங்கன்னுட்டாங்க. அதுக்கு முன்னாடி இடமே இல்லையாம். தம்பி செஞ்ச பக்கத்துல அக்காவுக்குத் தேதி போடத் தெரியலேன்னு உன்கிட்ட சொல்ல எனக்கு வெட்கமா இருந்துச்சு."

அவன் போனை மேசைமேல் வைத்தான். "என்ன அடிச்சே?"

"முதல்ல ஏழு, அப்புறம் மூணு, அப்புறம் வருஷம்."

போன வருஷம் ஆளாளுக்குத் தேதியைக் கண்டபடி அடித்தார்கள். பக்கம் 'தவறான தேதி' என்று சிவப்பில் திருப்பி அனுப்பியது. புகார் குவிந்ததும் மேலாளர், "யாரையும் திருப்பி அனுப்பாதப்பா" என்றார். நம்ம தம்பி மகாராஜா உடனே ஒரு குறுக்குவழி பிடித்தார். முதல் எண்ணை மாதம் என்று எடுத்துக்கொள்வது. அது பன்னிரண்டைத் தாண்டினால் மட்டும் நாள் என்று மாற்றிக்கொள்வது. மாதத்தின் பெயரைக் காட்டி 'இதுதானே?' என்று ஒரு வார்த்தை கேட்டால் கையா தேய்ந்துவிடும்? கேட்கவில்லை. சோதிக்காமலும் இல்லை, நூறு தடவை சோதித்தான். ஒவ்வொரு தடவையும் அவன் விரல் தானாக அடித்தது அக்காவின் கல்யாணத் தேதியை. அதில் நாள் இருபத்து மூன்று. இருபத்து மூன்றாவது மாதம் ஏது? எல்லாம் சரியாகவே வந்தது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதையும் ஒரு கணம் நினைத்தான், வெட்கங்கெட்டவன்.

"நீ சரியாத்தான் போட்டேக்கா. நான் செஞ்ச பக்கம்தான் மாசத்தை நாளா, நாளை மாசமா மாத்திப் படிச்சிருக்கு. தப்பு என்னோடது."

அக்காவின் கை அத்தானின் சட்டைமேல் அப்படியே நின்றது.

"கடைசி நாள் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்டா. தேதியைத் தப்பா போட்ட என்னாலதான் இப்படி ஆச்சுன்னு அழுதேன். தெரியாம செஞ்சதுதானே, விடுன்னு கையைப் பிடிச்சிக்கிட்டாரு." சட்டையைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அவர் தந்த மன்னிப்பை இப்போ நான் உனக்குத் தரணுமா?"