சாமிக்கண்ணு வாத்தியாரின் பதிவேடு

அப்பாவின் தாடைக்கட்டு நழுவியிருந்தது. சத்யப்பிரியா அதை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தபோது ஏ.இ.ஓ. பழனிவேல் ரோஜா மாலையோடு உள்ளே வந்தார். சிதம்பரத்திலிருந்து கண்ணாடிப் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. சாமிக்கண்ணு கூடத்துப் பெஞ்சில், பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன அதே வெள்ளைச் சட்டையில் கிடந்தார்.

பழனிவேலும் அவரும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருவர் புவனகிரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஈராசிரியர் பள்ளியின் தலைமையாசிரியரானார். மற்றவர் அந்த வட்டாரத்துப் பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் உதவித் தொடக்கக் கல்வி அலுவலரானார். பழனிவேல் மாலையைப் போட்டுவிட்டுக் காலருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சத்யப்பிரியாவைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் வெளிய வாம்மா."

வீட்டின் பின்புறம், துவைக்கிற கல்லருகே போய் நின்றார்கள். வானம் மூடியிருந்தது.

"எப்பம்மா?"

"நேத்து சாயங்காலம் சார். ஸ்கூல் விட்டு வந்தாரு. நெஞ்ச அடைக்குதுன்னாரு. ஆட்டோ சிதம்பரம் வண்டிகேட் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

அவர் தலையை ஆட்டினார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அடைவுப் பதிவேட வீட்டுக்கு எடுத்துட்டு வந்தாருன்னு ஸ்கூல்ல பிரிசில்லா டீச்சர் சொன்னாங்க. திங்கக்கிழமை சென்னைல இருந்து டீம் வருது. மூணு ஸ்கூல் எடுத்திருக்காங்க. அதுல அப்பா ஸ்கூலும் ஒண்ணு."

சத்யப்பிரியாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவள் வேறொரு வட்டாரத்தில் ஆசிரியப் பயிற்றுநர். பிள்ளைகள் கார்டு கார்டாகப் படித்து மேலே போகும் செயல்வழிக் கற்றல் வந்ததிலிருந்து பள்ளி பள்ளியாகப் போய், எந்தப் பிள்ளை கற்றல் ஏணியின் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. இந்த வட்டாரத்திலேயே அப்பாவின் பள்ளிதான் கடைசி. இருபத்து மூன்று பிள்ளைகளில் பதினொரு பேர் இருக்க வேண்டிய படியில் இல்லை. போன மாதம் அப்பாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

"நீ நம்ம டிபார்ட்மெண்ட்டு. சொல்லணும்னு இல்ல" என்றார் பழனிவேல். "அந்தப் பதினொண்ணையும் கொஞ்சம் ஏத்திப் போட்டுக் குடுத்துடு. உன் கையெழுத்தும் அப்பா கையெழுத்து மாதிரியேதான் இருக்கும். மெமோவ நான் முடிச்சிடறேன். எழிலன் வாரிசு வேலைக்கு எழுதிப் போடணும் இல்ல? அப்பா பேருல மெமோ நின்னா அந்த ஃபைல் எங்க நகரும்?"

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னிக்கிக் கேக்குறது தப்புதான். எனக்கு வேற நாள் இல்லம்மா. மேல கேக்குறாங்க. நான் யார்கிட்ட போயி சொல்றது?"

அப்பாவின் பை உள்ளறை ஆணியில் தொங்கியது. தம்பி எழிலன் அங்கே சுவரில் சாய்ந்து, யாருக்கோ செல்போனில் வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். டிப்ளமோ முடித்து மூன்று வருஷமாகிறது. சிதம்பரத்தில் செல்போன் கடை ஒன்றில் நிற்கிறான். அவள் பையைத் திறந்ததும் அம்மா தைலம்மாள் தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி தேடற?"

"ஸ்கூல் நோட்டும்மா. சார் கேக்குறாரு."

"நேத்து வந்ததும் வராததுமா அதத்தான் எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தாரு" என்றாள் அம்மா. மறுபடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சத்யப்பிரியா சமையற்கட்டில் உட்கார்ந்து பதிவேட்டைப் பிரித்தாள். நேற்றைய தேதிவரை எல்லாம் எழுதியிருந்தது. படி எண்களை அப்பா எப்போதும்போல் இடம் விட்டு எழுதியிருந்தார். ஆறுக்கு முன்னால் ஒரு கோடு போட்டால் பதினாறு. அந்தக் கோட்டை அவள் தன்னுடைய பள்ளிகளிலேயே பார்த்திருக்கிறாள். மை வேறாக இருப்பது தெரிந்தும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

பொங்கலுக்கு வந்தபோது அப்பாவிடமே அவள் சொன்னாள். "ரெண்டு படி ஏத்திப் போட்டா என்னப்பா? எப்படியும் பரீட்சைக்குள்ள புள்ளைங்க வந்துடுவாங்க."

"வந்தப்புறம் போடுறேன்."

"இந்த கார்டெல்லாம் உங்களுக்குப் புடிக்கல. அதான்."

"யார் சொன்னா? கார்டு வந்தப்புறந்தான் புள்ளைங்க என்னப் பாத்து பயப்படாம இருக்குதுங்க. அது நல்ல திட்டந்தாம்மா. எந்தப் புள்ளைக்குப் படிப்பு வரலன்னு சொல்றதுக்குத்தானே இந்த நோட்டு? அதச் சொன்னா ஏன் எல்லாருக்கும் கோவம் வருது?"

அவள் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பேனாவின் மூடியைக் கழற்றினாள். அறிவுமதி, மூன்றாம் வகுப்பு, ஆறாம் படி. நுனியை எண்ணுக்கு முன்னால் கொண்டுபோனபோதுதான் குறிப்புப் பத்தியைக் கவனித்தாள். எல்லாப் பதிவேட்டிலும் 'நன்று' என்றோ 'முன்னேற்றம் தேவை' என்றோ இருக்கும் அந்தக் குறுகிய பத்தியில் அப்பா பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தார்.

'கரும்பு வெட்டப் போன தாயோடு இரண்டு மாதம் வெளியூர். திரும்பி வந்ததும் எல்லாம் மறந்திருக்கிறது. முதலிலிருந்து தொடங்கியுள்ளேன்.'

அடுத்த பெயர் செம்பியன். 'டகரமும் பகரமும் மட்டும் குழப்பம். மற்றது சரளம். இந்த வாரம் தேறிவிடுவான்.'

முத்தம்மாள். 'கரும்பலகை தெரியவில்லை என்று நினைக்கிறேன். கண் டாக்டரிடம் காட்டச் சொல்லி மூன்று முறை சொல்லியாயிற்று. அடுத்த வாரம் நானே அழைத்துப் போக வேண்டும்.'

பதினோராவது பெயர் ஆண்டி. அதற்கு எதிரே இரண்டே வரி. 'என்னால் முடியவில்லை. பிரிசில்லாவிடம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.'

சத்யப்பிரியா அந்த இரண்டு வரியையும் திரும்பப் படித்தாள். என்னால் முடியவில்லை என்று ஒரு வாத்தியார் எழுதி அவள் பார்த்ததில்லை. யாராவது எழுதியிருந்தால், சார் இதெல்லாம் எதுக்கு, அடிச்சிடுங்க என்று அவளே சொல்லியிருப்பாள்.

வாசலில் ஒப்பாரி எழுந்தது. பெரியத்தை வீட்டார் வந்துவிட்டார்கள் போலிருந்தது. அவள் பேனாவை மூடினாள்.

பழனிவேல் துவைக்கிற கல்லருகேயே நின்றிருந்தார். பதிவேட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நெடுநேரம் நின்றார்.

"ஒண்ணும் எழுதலையாம்மா?"

"அப்பா எழுதி முடிச்சிருக்காரு சார்."

"தம்பி விஷயம் சொன்னேனே."

"தெரியும் சார்."

"வருஷக்கணக்குல இழுக்கும். அப்புறம் என்னக் குத்தம் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் சார்."

தூறல் விழ ஆரம்பித்தது. அவர் பதிவேட்டை மூடி, சட்டைக்குள் செருகிக்கொண்டார். வயிற்றின்மேல் அது சதுரமாகப் புடைத்துத் தெரிந்தது. வாசல் பக்கமாகப் போகாமல் சந்து வழியே நடந்துபோனார்.

பத்து மணிக்குப் பெட்டி வந்தது. பிரிசில்லா டீச்சர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார். ஷாமியானாவுக்கு அடியில் யாரும் சொல்லாமலேயே அவர்கள் வகுப்பில் உட்காருவதுபோல வட்டமாக உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையில் நின்றுவிட, பறைச் சத்தம் வெள்ளாற்றுப் பக்கம் தேய்ந்துபோனது. சத்யப்பிரியா வீட்டைக் கழுவிவிட்டாள். அப்பா கிடந்த இடத்தில் விளக்கேற்றி வைத்தாள்.

இருட்டுவதற்குள் ஆண்கள் திரும்பினார்கள். எழிலன் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகப் படியோரம் வந்து நின்றான். குளிரில் அவன் தோள் நடுங்கியது. அவள் சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து குனிந்தாள்.

"அக்கா, ஏ.இ.ஓ. வந்தாராமே?" என்றான் மெதுவாக. "வேல விஷயமா எதனா சொன்னாரா?"

அவள் அவன் வலது காலில் தண்ணீரை ஊற்றினாள்.

"லேட்டாகும்னாரு."

"எவ்ளோ?"

"தெரியலடா. மெமோ இருக்கு. நாந்தான்..." அவள் நிறுத்தினாள். "அப்புறம் சொல்றேன்."

எழிலன் அவளையே பார்த்தான். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மற்றக் காலை நீட்டினான். கணுக்கால்வரை ஆற்றுமணல் ஒட்டியிருந்தது. தண்ணீர் மட்டும் ஊற்றினால் போகாது என்று தெரிந்து, அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே தேய்த்துக் கழுவத் தொடங்கினாள்.