இரண்டாவது கூடத்து வாசல்

திருப்பதிக்கு வந்தும் அவர்களால் மலையேற முடியாது. ஸ்ரீஹரியின் அம்மா இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதுவரை அந்த வீட்டார் பெருமாளைச் சேவிக்கப் போகக் கூடாது. அதனால்தான் அவன் மனைவி ஸ்வர்ணலதா, மியூசியம் பார்க்கலாம் என்றாள். கல்யாணமான புதிதில் காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அவளைப் பென்சிலால் வரைந்தவன் அவன். பழைய ஓவியங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று அப்போது சொல்லியிருந்தான்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாள்தாங்க. ஆர்டினரி பஸ்ல போய்க்கினு வந்துடலாம். சோறு நான் கட்டியாறேன்," என்று போனில் கெஞ்சினாள். முதலில் ஷிப்ட் இருக்கிறது என்றான் அவன். பிறகு சரி என்றான்.

காரியம் முடிந்ததும் வரதய்யபாளையம் பக்கத்துக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன், அங்கே ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டான். பிச்சாட்டூர் வீட்டில் அவள் தனியாக இருந்தாள். வரச் சொன்னால் ஷிப்ட் என்பான். அம்மாவின் கடைசி நேரத்தைப் பற்றி அவன் கேட்காமல் வைத்திருக்கும் கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். அம்மா போன அன்றும் அவன் ஷிப்டில்தான் இருந்தான். வேலை செய்யும் இடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அத்தை தூக்கத்திலேயே போய்விட்டதாக அவள் எல்லோரிடமும் சொன்னாள். அவனிடமும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருப்பதிலேயே மலிவான லாட்ஜில் பையை வைத்தார்கள்.

"தரிசனம் ஆச்சாம்மா?" என்றார் லாட்ஜ்காரர்.

"மியூசியம் பாக்க வந்தோம்."

"திருப்பதிக்கு வந்து பொம்ம பாத்துட்டுப் போற ஜனத்த இப்பதாம்மா பாக்குறேன்."

அவர் சிரித்தார். ஸ்ரீஹரி சிரிக்கவில்லை.

மியூசியத்தின் முதல் கூடம் முழுக்க ஓவியங்கள். ஒரு பெரிய துணி ஓவியத்தின் முன்னால் அவன் நின்றுவிட்டான். "இந்தக் கையைப் பாரு. எடுக்காம ஒரே கோடா இழுத்திருக்கான்," என்றான். இத்தனை மாதத்தில் அவனாகப் பேசியது அதுதான். பதில் சொன்னால் நிறுத்திவிடுவானோ என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இரண்டாவது கூடத்தில் வெண்கலச் சிலைகள். அவள் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தாள். அவன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"நான் வரல."

"இன்னாங்க, இது கோயிலா? டிக்கெட் வாங்கிக்கினு பாக்குற எடம்."

"சங்கு சக்கரம் தெரியுதில்ல? எங்க நின்னாலும் சாமிதான்."

காவலர் குறுக்கே வந்தார். "ரண்டி சார், உள்ள வாங்க. இங்க பூஜ கீஜ ஏதும் லேது. ஏசி ஒண்ணுதான் இருக்குது."

ஸ்ரீஹரி அசையவில்லை. "நீ பாத்துட்டு வா," என்றான் அவளிடம்.

"எனக்கு மட்டும் தீட்டு இல்லியா?"

"உனக்கு இன்னா. கடசில கூட இருந்தவ நீ."

அவள் சிலைகளுக்கு முதுகு காட்டி நின்றாள். இருவருக்கும் நடுவில் வாசற்படி இருந்தது. காவலர் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்து போனார். பொய்யை இன்னொரு முறை சொல்லலாம். சொன்னால் நாளை அவன் இங்கிருந்தே ஹாஸ்டலுக்குப் போய்விடுவான்.

"அத்தை தூக்கத்துல போகலீங்க."

அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலைலேர்ந்து இழுத்துக்கினே இருந்தாங்க. ஹரி வந்துட்டானா, ஹரி வந்துட்டானான்னு கேட்டுக்கினே இருந்தாங்க. புள்ள கையால பால் வாங்கத்தான் உசுரு நிக்குது, நீ ஊத்திடாதேன்னு பக்கத்து வூட்டு ரத்னம்மா சொல்லிச்சி. உங்களுக்கு போன் அடிச்சிக்கினே இருந்தேன். அவங்க படுற பாட்டைப் பாக்க முடியல. நானே ஊத்திட்டேன்."

தலை நிமிராமலே, "முழுங்குச்சா?" என்று கேட்டான்.

"மொத ஸ்பூன் முழுங்குனாங்க. அடுத்தது கடவாயில வழிஞ்சிடுச்சி."

அவன் அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்தான். அவள் வெளியே வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவளும் கையை இறக்கவில்லை. கடைசியில் வாங்கி, அண்ணாந்து குடித்தான். தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"நாளைக்கு நானும் பிச்சாட்டூர் வரேன்," என்றான், அவளைப் பார்க்காமல். "அம்மாவப் படுக்க வெச்சிருந்த எடத்தக் காட்டு."

அதற்குப் பிறகு இருப்பானா, உடனே கிளம்பிவிடுவானா என்று அவள் கேட்கவில்லை.