யசோதினிக்குப் பிடித்த மூன்று

பதுளை பஸாரில் றஹீம் முதலாளியின் பென்சிக் கடைக்கு வருகிறவர்கள் யசோதினியைத்தான் தேடுவார்கள். கல்யாணப் பெண்ணுக்கு எந்த வளையல், மெலிந்த விரலுக்கு எந்த மோதிரம், வறண்ட தோலுக்கு எந்தக் கிறீம் என்று கேட்டால், "அந்தப் புள்ளயிட்டக் கேளுங்க" என்று முதலாளியே கைகாட்டி விடுவார். ஒருத்தி கடைப்படி ஏறும்போதே அவளுக்கு என்ன பிடிக்கும் என்பது யசோதினிக்குப் பிடிபட்டுவிடும். கண் எந்தத் தட்டில் முதலில் விழுகிறது, கை எதைத் தொட்டுவிட்டுப் பின்வாங்குகிறது, அவ்வளவு போதும்.

ஆனால் அன்று ஜிப்னா கேட்டது, யசோதினிக்கே என்ன பிடிக்கும் என்று.

ஜிப்னா முதலாளியின் மகள். பேஸ்புக்கில் 'ஜிப்னாவின் இஷ்டங்கள்' என்று ஒரு பக்கம் நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஒரு பெண்ணை லைவில் கூப்பிட்டு மூன்று விஷயம் கேட்பாள். போனதில் பிடித்த இடம், படித்ததில் பிடித்த புத்தகம், வீட்டிலேயே செய்து முகத்துக்குப் பூசுவதில் பிடித்த ஒன்று. டீச்சர்மார், நர்ஸ்மார், பேங்கில் வேலை செய்கிற பெண்கள் எல்லாம் வந்து சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டுப் போவார்கள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் யசோதினியும் அதைப் பார்ப்பாள்.

"வார ஞாயிறு நீங்கதான் யசோ" என்றாள் ஜிப்னா. "எல்லாருக்கும் எடுத்துக் குடுக்குறீங்க. ஒங்களுக்கு என்ன இஷ்டம்னு ஒருத்தருக்கும் தெரியாதே."

"எனக்கா? எனக்கென்னங்க இருக்கு."

"மூணுதானே கேக்குறேன். முப்பது கேட்ட மாதிரி முழிக்கிறீங்க."

கல்லாவிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "எனக்கு இஷ்டமானத நான் சொல்லவா? நேரத்துக்குக் கடைக்கு வாற புள்ளைகள்."

"வாப்பா, ஒங்களுக்கு லைவ் இல்ல."

யசோதினியும் சிரித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினாள். ஆனால் ஹாலிஎலைக்குத் திரும்புகிற பஸ்ஸில் அந்தச் சிரிப்பு வடிந்துவிட்டது.

சின்ன வயதில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால், அக்கா ஜெயந்தினி மஞ்சள் கவுன்தான் வேண்டும் என்று கடைத் தரையிலேயே உட்கார்ந்து அழுவாள். "ஒனக்கு என்னாடி வேணும்?" என்று கேட்டால் யசோதினி, "எதுன்னாலும் சரிம்மா" என்பாள். ஊரே அதை மெச்சியது. இந்த வயதில் எவ்வளவு அனுசரணை பார், பெரியவள் போல இல்லை பார் என்றார்கள். அந்த மெச்சலின் கதகதப்பில் அவள் வளர்ந்தாள். சாப்பாட்டில் எதுவென்றாலும் சரி. பஸ்ஸில் எந்த சீட் என்றாலும் சரி. பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் கூட எவரென்றாலும் சரி என்றுதான் சொன்னாள். வந்தவர்கள்தான் சரி என்று சொல்லவில்லை.

இப்போது முப்பத்தொரு வயதில் உள்ளே இறங்கித் தேடிப் பார்த்தாள். பிடித்த இடம்? எல்ல ஊரில் இருக்கிற ஒன்பது வளைவுப் பாலம். அது ஜிப்னாவுக்குப் பிடித்தது. ஜிப்னாதான் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். பிடித்த புத்தகம்? ஜிப்னா கொடுத்த நாவல் ஒன்று பாதியில் கிடக்கிறது. முகத்துக்கு? காலையில் சவர்க்காரம், அவ்வளவுதான். எதைத் தொட்டாலும் அதில் இன்னொருவரின் கைவாசம் வந்தது. ஒரு மனுசிக்குப் பிடித்தது என்று ஒன்றுகூட இல்லாமல் இருக்குமா? அப்படியானால் இத்தனை பேருக்கு வளையல் போட்டுவிடுகிற இந்தக் கைகளுக்கு உள்ளே இருப்பது யார்? பஸ் கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

இரவல் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவு செய்தாள். பாலம், பாதி நாவல், ஜிப்னாவின் பக்கத்தில் வந்த தேசிக்காய் – தயிர்ப் பூச்சு. ஆனாலும் ஒரு தடவைகூடப் பூசாமல் பிடிக்கும் என்று சொல்ல மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை விடியக்காலையில் தேசிக்காயைப் பிழிந்து அந்த எலுமிச்சைச் சாற்றைத் தயிரில் கலந்து அப்பிக்கொண்டாள். தண்ணீர்க் குழாயில் கூட்டம். அரைகுறையாகக் கழுவிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அது ஆடி மாதம். கச்சான் காற்று அடிக்கிற காலம். ஊவாப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உதடு வெடிக்கும், கன்னம் சொரசொரக்கும், காயப்போட்ட துணி முறுகிப் போகும். மேகம் இல்லாத வெயிலில், அந்தக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு வெகு நேரம் பஸ்ஸுக்கு நின்றாள். மத்தியானத்துக்குள் முகம் பற்றி எரிந்தது. மறுநாள் இரண்டு கன்னமும் சிவந்து, தோல் உரியத் தொடங்கியது.

"யா அல்லாஹ்!" என்றாள் ஜிப்னா. "தேசிக்காயப் போட்டுட்டு வெயிலுக்குப் போனீங்களா? ராவைக்குப் பூசிட்டுப் படுங்கன்னு தானே போட்டீந்தேன்!"

"விடியக்காலையும் இருட்டாத்தான் இருந்துச்சு" என்றாள் யசோதினி.

முதலாளி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "புள்ள, நீங்க கொஞ்சம் பின்னால நில்லுங்க. கிறீம் வாங்க வாற பொம்பளைகள் பயந்து ஓடிருவாங்க." சொல்லிவிட்டு, வீட்டில் மனைவி பலீலாவிடம் சொல்லிக் கற்றாழை மடல் ஒன்றும் வரவழைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அக்காவின் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள். அதற்குப் போகாமல் இருக்க முடியாது. லைவை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லிப் பார்த்தாள். ஜிப்னா விடவில்லை. "அறிவிச்சு முடிஞ்சி. எங்க ஈந்தாலும் அங்க இருந்து வாங்க. மாஸ்க்கப் போட்டுக்கங்க."

அக்கா இருந்த லயத்து வரிசை வீட்டில் அன்று சந்தடிக்குக் குறைவில்லை. பெயர் வைத்து, சாப்பாடு முடிந்து, பெண்கள் பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யசோதினியின் முகம்தான் பேச்சு.

"பால் காச்சுறப்ப முகத்தயும் உள்ளுக்கு வச்சிட்டியாடி?" என்றாள் ஜெயந்தினி.

"அழகாகணும்னு போட்டேன்க்கா."

"ஆயிட்ட. பிள்ள ஒன்னயப் பாத்துச் சிரிக்குது பாரு."

போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அக்காவின் புருஷன் நிமலன் தோட்டத்துப் பெக்டரியில் வேலை செய்கிறவன். "வீட்டுக்குள்ள எல்லாம் எடுக்காது. சிக்னல் பாறைக்குத்தான் போகணும், வா" என்றான்.

தேயிலைக்கு நடுவே ஏறுகிற குறுக்குப் பாதை. ஏறுகிறபோது நிமலன் அந்தப் பாறையின் முறையைச் சொல்லிக்கொண்டு வந்தான். தோட்டத்தில் எல்லாரும் போன் பேச அங்கேதான் வருவார்கள். வெளிநாட்டில் ஆள் இருக்கிறவர்களுக்கு முதல் இடம். அவர்கள் வந்தால் மற்றவர்கள் இறங்கி நிற்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு மலையடிவாரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பேசினதைக் கேட்டாலும், கேட்டதாக அப்புறம் காட்டிக்கொள்ளக் கூடாது.

"மீறினா?"

"மீறினா மத்தவுங்க ஓம் பேச்சக் கேப்பாங்க. அந்தப் பயம் போதாதா? அழுவுறவுங்க, சண்ட பிடிக்கிறவுங்க, கடன் கேக்குறவுங்க எல்லாம் அங்கதான். நான் ஒங்கக்காகிட்ட மொதமொத சொன்னதும் அங்க நின்னுதான்."

"என்னா சொன்னீங்க மச்சான்?"

"கேக்கக் கூடாதுன்னு இப்பதான் சொன்னேன்."

பாறை மலை முதுகின் உச்சியில் இருந்தது. அன்று வேறு யாரும் இல்லை. நிமலன் முறைப்படி ஒரு ஓரமாகப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி, லயத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். யசோதினி மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு பாறையில் ஏறினாள். போனில் மூன்று கோடு நிரம்பியது. பாலம், நாவல், தேசிக்காய் என்று மனதுக்குள் ஒருதரம் ஒப்பித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தென்மேற்கே, மலைக்குக் கீழே தாழ்ந்து கிடந்த நாடு முழுவதையும் முகில் மூடியிருந்தது. அந்த முகில் மலைச்சரிவைப் பிடித்து ஏறி வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல், ஆனால் ஒரு நொடியும் நிற்காமல், மரங்களையும் பாறைகளையும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. மலையின் விளிம்பைத் தொட்டதும் ஒரு கணம் தயங்கியது போல மேலே எழும்பிற்று. பிறகு இந்தப் பக்கம் கவிழ்ந்து கொட்டியது. மலையின் நீளத்துக்கு, கண் போகிற தூரத்துக்கு, வெள்ளை அருவி. சத்தமே இல்லை. அத்தனை பெரியது விழுந்தால் காது செவிடாக வேண்டும். காற்றின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. விழுந்தது எதுவும் கீழே போய்ச் சேரவும் இல்லை. பாதி வழியில் நுனி நுனியாகக் கிழிந்து, நூலாகி, தேயிலையைத் தொடுவதற்குள் இல்லாமல் போனது. கீழே ஊவாப் பக்கம் வெயில் பளீரென்று அடித்தது. கொட்டிக்கொண்டே இருந்தது, தீர்ந்துகொண்டே இருந்தது, குறையவே இல்லை.

அவளுக்கு மூச்சு வாங்கியது. ஏறி வந்த களைப்பு இல்லை. பத்தாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. ஒரு மலை, இந்தப் பக்கம் ஏறுகிற அம்புக்குறி, அந்தப் பக்கம் இறங்குகிற அம்புக்குறி. பாடமாக்கியதற்கு அப்பாலும் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்ப்பாள். வகுப்பு முடிந்த பிறகும் பார்ப்பாள். அந்த அம்புக்குறி பென்சிலால் போட்ட வெறும் கோடல்ல, ஒரு கடல் அளவு தண்ணீர் என்று யாரும் சொல்லவில்லை. தன் நீரையெல்லாம் அங்கே விட்டுவிட்டு, வெறும் காற்றாகக் கீழே இறங்கி ஹாலிஎலையில் தன் உதட்டை வெடிக்க வைப்பது இதுதானா? இத்தனை வருஷமாகச் சபித்த கச்சான், பிறக்கிற இடத்தில் இப்படியா இருக்கிறது?

போன் அதிர்ந்தது. ஜிப்னாவின் முகம் திரையில் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்! இண்டைக்கு நம்ம யசோ வந்தீக்கிறாங்க. எங்கட கடைக்கு வாற எல்லாருக்கும் தெரியும். யசோ, கேக்குதா? ஒங்களுக்குப் பிடிச்ச இடம்?"

யசோதினி வாயைத் திறந்தாள். பாலம் வரவில்லை.

"இது" என்றாள்.

"எது?"

அவள் போனைத் திருப்பிப் பிடித்தாள். ஜிப்னா கமெண்ட்களை வாசித்தாள். பிறகு, "ஆக்கள் கமெண்ட்ல கேக்குறாங்க யசோ, காடு எரியுதாமா? புகையா அது?"

"புகையில்லங்க. முகில். நம்ம கச்சான். இது இங்கதான் இப்பிடி இருக்குது. எனக்குத் தெரியாது. இப்பதான் பாக்குறேன். எனக்கு இது..." கடையில் எத்தனை பெண்கள் அவள் முன்னால் இந்தச் சொல்லில் வந்து தடுமாறியிருக்கிறார்கள்! "எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

"இப்ப பாத்த இடமா? போய்ப் பாத்து ரசிச்ச இடம்தானே கேட்டேன்!"

"ஆமா. இப்பதான் ரசிக்கிறேன்."

"சரி, புத்தகம்?"

"ஸ்கூல் புவியியல் புத்தகம். அதுல ஒரு படம். சிரிக்காதீங்க."

ஜிப்னா சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு யசோதினியைத் தொடவில்லை. முகில் விளிம்பு தாண்டிப் பாறைக்கே வந்துவிட்டது. காற்று மாஸ்க்கைப் பிடித்து இழுத்தது. அவள் அதைக் கழற்றிப் பையில் வைத்தாள். ஈரக்காற்று உரிந்த கன்னங்களில் வந்து படிந்தது. மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்த எரிச்சல், பச்சைத் தண்ணீரில் போட்ட தணல் போல அடங்கியது. போனைத் தன் பக்கம் திருப்பினாள். சிவந்து, தோல் கிழிந்து, நனைந்த முகம் அத்தனை பேருக்கும் முன்னால் வந்தது.

"யசோ, மாஸ்க்கு!" என்று ஜிப்னா கத்தினாள்.

"இருக்கட்டுங்க. தேசிக்காயப் போட்டுட்டு யாரும் கச்சான் வெயிலுக்குப் போயிராதீங்க. இப்பிடித்தான் ஆகும். முகத்துக்கு எனக்குப் பிடிச்சது இந்தக் காத்துதான், இந்த ஈரம். செஞ்சு காட்ட ஏலாது. போத்தல்ல போட்டு முதலாளி கடையில விக்கவும் ஏலாது."

எங்கேயோ பின்னாலிருந்து முதலாளியின் குரல் கேட்டது: "ஏலாதுன்னா எதுக்கு விளம்பரம்?"

ஜிப்னா வாய்விட்டுச் சிரித்தது பாதியில் உறைந்தது. திரை இறுகி, கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, இணைப்பு அறுந்தது. யசோதினி திரும்ப அழைக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்த சொற்களை ஒருதரம் எண்ணிப் பார்த்தாள். அவற்றில் இன்னொருவரின் கைவாசம் இல்லை.

"மச்சான், திரும்பிப் பாருங்க."

நிமலன் முறை முடிந்ததா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு மெல்லத் திரும்பினான். "என்னா? பனிதானே. தெனம் வரும். இந்தக் காத்துக்குத்தான் பெக்டரியில ராப்பகலா வேல. இந்த மாசத்துத் தேயிலைத் தூளுக்குத்தான் வாசம்."

"இங்க வந்து நின்னு பாருங்களேன்."

அவன் பாறையில் ஏறி அவள் அருகே நின்றான். தினமும் முதுகைக் காட்டி நின்ற திசை அது. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தான்.

கீழே லயத்தில் விளக்கு ஒன்று போட்டார்கள். "மழ வரும் போல" என்றான் நிமலன். "போவமா, இருப்பமா?"

"இருப்போம் மச்சான்" என்றாள் யசோதினி. "எனக்கு இன்னும் பாக்கணும்."

முகில் அவர்கள் கால்களை மூடி, இடுப்புவரை ஏறி, இரண்டு பேரையும் கடந்து அந்தப் பக்கம் விழுந்தது.