வளைவில் வேண்டாத மரங்கள்

விபத்துக்குப் பிறகு விடுப்பில் இருந்த ரயில் ஓட்டுநர், வீட்டுப் பின்னறையில் பொம்மை ரயிலுக்குப் பாதை போடத் தொடங்கியபோதுதான் அவர் மனைவிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மனுஷன் சுவரையே வெறித்துக்கொண்டு கிடப்பதற்கு இது எவ்வளவோ தேவலை என்று அவளும் கூடமாட ஒத்தாசை செய்தாள். பெரிய பலகையின் மேல் தெர்மாகோலை அறுத்து அடுக்கி அவர் மலை எழுப்பினார். மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றி அவள் புல் தூவினாள்.

மலையடி வளைவில் இரண்டு தெர்மாகோல் துண்டுகள் சேரும் இடம் மட்டும் பல்லிளித்தது. அதை மறைக்க, பஞ்சில் செய்த மரங்களை அவள் நெருக்கமாக ஒட்டினாள்.

"அங்க மரம் வேண்டாம்," என்றார் அவர்.

"ஒட்டு தெரியுதேங்க, மறைக்க வேண்டாமா?"

"எடுத்துடு. மரம் இருந்தா, அந்தப் பக்கம் ஆள் நிக்கிறது தெரியாது."

அவள் கை அப்படியே நின்றது. விசாரணையில்கூட, பிரேக் பிடித்தேன் என்பதற்கு மேல் வாய் திறக்காதவர் அவர்.

"அந்த ஆளுக்குத் தண்டவாளத்துல கால் மாட்டிக்கிச்சு. கையைக் காட்டுறாரு, நிறுத்துன்னு. அந்த வேகத்துல அது நிக்குமா, சொல்லு?"

"நிக்காதுங்க," என்றாள் அவள்.

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் தடுக்கவில்லை. பசை காயாத மரங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கினார். ரயிலை அன்று இருவரும் தொடவில்லை.