வெர்லினின் இடது காது

ஆர்லோ ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கன்னப் பஞ்சுக்குள் வட்டமான சின்ன ஸ்பீக்கர் ஒன்றைத் திணித்துக்கொண்டிருந்தான். இன்னொன்று ஏற்கெனவே எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. ஷெட் கதவு திறந்திருந்தது. வெளியே ஏப்ரல் மாதத்து மிச்சப் பனி, சாலையோரமாக அழுக்கேறிக் கரைந்துகொண்டிருந்தது. வெர்லின் தன் மோட்டார் சைக்கிள் மேல் ஏறி உட்கார்ந்து மச்சினனை மேற்பார்வை பார்த்தான். வேலை செய்கிறவன் பக்கத்தில் நின்று குறை சொல்வதைத்தான் வெர்லின் உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"நாய் குரைக்கிறது வீட்டுக்காரனுக்குக் கேக்கலன்னா அப்புறம் எதுக்குடா நாய்?" என்றான்.

நாய் என்று அவன் சொன்னது கைப்பிடியில் மாட்டியிருந்த ரேடார் டிடெக்டரை. போலீஸ்காரர்கள் மறைவில் நின்று வேகத்தை அளக்கும்போது, அதை முன்கூட்டியே மோப்பம் பிடித்துக் கத்துகிற பெட்டி. காரில் என்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதன் கத்தலைக் கேட்கலாம். மோட்டார் சைக்கிளில் காற்று அதை விழுங்கிவிடும், வெயிலில் அதன் சிவப்பு விளக்கும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அதன் சத்தத்தை ஒரு வயர் போட்டு ஹெல்மெட்டுக்குள் கொண்டுவரச் சொல்லி ஆர்லோவைப் பிடித்திருந்தான். ஆர்லோவுக்குப் பண்ணைகளில் பால் கறக்கும் மெஷின் பழுதுபார்க்கிற தொழில். வயர் என்றால் எல்லாம் வயர்தானே என்பது வெர்லினின் எண்ணம். ஆர்லோவும் அப்படித்தான் நினைத்தான்.

விஸ்கான்சினில் எங்கள் பக்கம் மேடும் பள்ளமுமான ஊர். மேட்டின் முதுகில் ஏறி வளைந்து இறங்கும் சாலைகளில் மோட்டார் சைக்கிளை விரட்டாத ஆண்பிள்ளை குறைவு. ஆனால் வெர்லின் பால் டாங்கர் ஓட்டிப் பிழைக்கிறவன். போன கோடையிலேயே இரண்டு தடவை பிடிபட்டிருந்தான். இன்னொரு தடவை வந்தால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவேன் என்று நீதிபதி சொன்னார். லைசென்ஸ் இல்லாதவன் டாங்கர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகலாம் என்று முதலாளி சொன்னார். புத்தியுள்ளவன் வேகத்தைக் குறைத்திருப்பான். வெர்லின் நாய் வாங்கினான்.

வெர்லினின் மனைவி மார்லிஸ் காப்பி கொண்டுவந்தபோது ஸ்பீக்கர்களில் போனிலிருந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெர்லின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பாட்டு கேட்கிறது என்று தலையாட்டினான். பிறகு கழற்றி மனைவியிடம் நீட்டினான்.

"இந்தா, இதை மாட்டு. நான் இஞ்சினை முறுக்குறேன். அவன் பட்டனை அமுக்குவான். அந்தச் சத்தத்துலயும் நாய் கேக்குதான்னு சொல்லு. இதுக்காவது உபயோகமா இரு."

அவள் மாட்டிக்கொண்டாள். உள்ளே அவனுடைய வியர்வை நாற்றம். இஞ்சின் உறுமியது. ஆர்லோ டிடெக்டரின் பட்டனை அழுத்தினான். அவளுடைய இடது காதில் ஊசியாக ஒரு பீப், பிறகு இன்னொன்று, பிறகு விடாமல். வலது காதில் இஞ்சின் சத்தம் மட்டும். பாட்டு இரண்டு பக்கமும்தான் வந்தது. கத்தல் ஒரு பக்கம்தான் வந்தது. டிடெக்டரில் இருந்தது ஒற்றைக் காதுக்கான துளை. ஆர்லோ செருகியது இரண்டு காதுக்கான முனை. மாடுகளுக்குப் பாட்டுப் போடும் பழக்கம் எங்கள் பண்ணைகளில் உண்டு என்றாலும், எந்தக் காதில் என்று எந்த மாடும் கேட்டதில்லை.

"கேக்குதா?" வெர்லின் கத்தினான்.

"கேக்குது. ஆனா..."

"கேக்குதுன்னா கேக்குதுன்னு சொல்லிட்டு வாயை மூடு. ஆனா ஆவன்னா எல்லாம் பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லு."

ஆர்லோ பெஞ்சுக்கு அடியில் குனிந்து சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். இஞ்சின் சத்தத்தில் அவனுக்கு எதுவும் விழவில்லை. மார்லிஸ் ஹெல்மெட்டைக் கழற்றி இருக்கையின் மேல் வைத்தாள். இப்போது வெர்லினின் இடது பக்கம் நின்றிருந்தாள். "இடது காதுல மட்டும்தான் வருது" என்றாள். அந்த ஒரு தடவை, அவள் உண்மையாகவே சொல்ல நினைத்துத்தான் சொன்னாள்.

வெர்லினுக்கு இடது காது கிடையாது. காது இருந்தது, அழகாகவே இருந்தது. சின்ன வயதில் பொன்னுக்குவீங்கி வந்து அதற்குள்ளே இருந்ததைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும், எல்லாரும் அவனுக்கு வலது பக்கம் வந்து நின்று பேசுவார்கள். மனைவிக்கு மட்டும் அவன் வேறு இடம் கொடுத்திருந்தான். சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலி அவனுக்கு இடது பக்கம். சர்ச்சில் இடது பக்கம். படுக்கையில் வலது காதைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டு படுப்பான். அவள் விடியும்வரை பேசினாலும் சுவரோடு பேசுவதுதான். எங்கள் ஊர்க் கார்களில் ஸ்டீயரிங் இடது பக்கம், அதனால் காரில் மட்டும் அவன் ஓட்ட அவள் வலது பக்கம் உட்கார வேண்டி வரும். அதற்கு அவனிடம் ரேடியோ இருந்தது.

"கடவுள் எனக்குக் கல்யாணப் பரிசை முன்கூட்டியே குடுத்துட்டாரு" என்று காதைத் தட்டிக் காட்டுவான். வெள்ளிக்கிழமை இரவு பாரில் மீன் வறுவலுக்குக் கூடுகிற கூட்டம் ஒவ்வொரு வாரமும் இதற்குச் சிரிக்கும். மார்லிஸும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தான்.

அவள் மறக்காத ஒன்று இருந்தது. மூன்று குளிர்காலங்களுக்கு முன் அவளுடைய அம்மாவை லா க்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காலையில் நர்ஸ் கூப்பிட்டு, வருவதானால் இன்றைக்கே வாருங்கள் என்றாள். மார்லிஸின் கார் பனியில் சறுக்கி நசுங்கி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. முட்டை தின்றுகொண்டிருந்த வெர்லினிடம் சொன்னாள். கொண்டுபோய் விடு என்று கெஞ்சினாள். அவன் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டான். ஆர்லோ டிரக்கோடு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனபோது அம்மாவின் கட்டிலைக் காலி செய்து வேறு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்த வெர்லின் மீன்களை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு, "நீ சொல்லவே இல்லையே" என்றான். அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்குக் கேட்டிருந்ததா இல்லையா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அது தெரியாததுதான் அவளை உள்ளே அரித்தது.

ஹெல்மெட் வேலை முடிந்த அன்று இரவுச் சாப்பாட்டில் சாசேஜும் உருளைக்கிழங்கும். தட்டைப் பார்த்தபடி, உப்பை எடு என்று சொல்கிற குரலில் மார்லிஸ் சொன்னாள்: "அந்தச் சத்தம் இடது பக்கம் மட்டும்தான் வருது வெர்லின். உனக்குக் கேக்காது. நீ மாட்டிக்குவ."

வெர்லின் மென்றான். "கிழங்கு வேகல" என்றான்.

எழுந்து மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனால் போதும். அவன் தோளைத் தட்டினால் போதும். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தால்கூடப் போதும். டாங்கர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவி அவள் கொண்டுவருவது குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கே காணாது. எல்லாவற்றையும் யோசித்தாள். யோசித்துக்கொண்டே வேகாத கிழங்கைத் தின்று முடித்தாள். நாற்காலியை விட்டு அசையவில்லை. அவன் மேல் இருந்த வெறுப்பு அன்றைக்கு முதல்தடவையாக அவளுக்கு ருசியாக இருந்தது.

மே மாதம் முழுக்க வெர்லின் பறந்தான். காதில் பாட்டு ஓடியது, நாய் ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. குரைக்காத நாயை அவன் நம்பினான். அமைதியான ஒவ்வொரு மைலும் அவனுக்குத் தைரியம் கொடுத்தது. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் முறுக்கினான்.

"நம்ம பக்கம் போலீஸே இல்லடா. எல்லாம் டோனட் கடையில உக்காந்திருக்கானுங்க" என்று வெள்ளிக்கிழமை மீனைப் பிய்த்துக்கொண்டே அறிவித்தான்.

ஆர்லோ கிளாஸைக் கீழே வைத்தான். "மளிகைக் கடை வாசல்லகூட கத்தலையா மச்சான்? அந்தத் தானாத் திறக்கற கதவுக்கே இதெல்லாம் கத்துமே."

"உன்னை மாதிரி கண்டதுக்கும் கத்துறதில்ல என் நாய். நல்ல ஜாதி."

"ஒருநாள் கொண்டா, பாத்துடறேன்."

"நீ மாட்டு மடியைப் போய்ப் பாரு" என்றான் வெர்லின். மேசை முழுக்கச் சிரித்தது. ஆர்லோவின் காது சிவந்துபோனது. மார்லிஸ் மீனிலிருந்து ஒரு முள்ளை உருவித் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

கிளம்பும்போது கார்கள் நிற்கிற இடத்தில் ஆர்லோ அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். "அக்கா, அன்னைக்கு நீ மாட்டிப் பாத்தப்ப ரெண்டு பக்கமும் வந்துச்சா?"

"இடது பக்கம்தான்."

அவன் முகம் வெளுத்தது. "ஐயோ. மச்சான்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேனே. ரெண்டு தடவை சொன்னேன்."

"அப்படியா. அப்ப சரி" என்று ஆர்லோ மூச்சு விட்டான். "தெரிஞ்சும் என்னை மட்டம் தட்டறதுக்காக ஒண்ணும் சொல்லாம இருக்காரு போல. சரியான ஆளு." அவன் நிம்மதியாகத் தன் டிரக்கை நோக்கி நடந்தான். தம்பியை அப்படி அனுப்பிவைத்தது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. காரில் ஏறுவதற்குள் அது போய்விட்டது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும் வெர்லின் வண்டியை வெளியே எடுத்தான். மேட்டுச் சாலையில் ஆற்றங்கரை வரை போய்வருவதாகச் சொன்னான். ஹெல்மெட் மாட்டுவதற்கு முன் மார்லிஸ் வந்து நின்றாள், எப்போதும் நிற்கும் பக்கம்.

"இடது காதுல மட்டும்தான் அது கத்தும்" என்றாள். "இன்னைக்கு உன்னைப் பிடிப்பாங்க."

அவள் உதடு அசைந்தது அவன் கடைக்கண்ணில் பட்டிருக்க வேண்டும். "வந்து சாப்பிடுறேன்" என்றான்.

பிறகு நடந்தது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அவனைப் பிடித்த போலீஸ்காரரே அடுத்த வெள்ளிக்கிழமை மீன் தின்ன வந்தார். மேட்டுச் சாலை இறங்கும் இடத்தில் ஓக் மரத்தடியில் காரை நிறுத்தியிருந்தாராம். குண்டு மாதிரி வந்தானாம் வெர்லின். விளக்கைச் சுழலவிட்டுத் துரத்தியும் ரொம்ப தூரம் தள்ளித்தான் கண்ணாடியில் பார்த்து நிறுத்தினானாம். "நான் இந்தப் பக்கம் போய் நிக்கறேன். ஹெல்மெட்டுக்குள்ளேருந்து பீ பீன்னு கத்துது, எனக்கே நல்லாக் கேக்குது. கைப்பிடியில பெட்டி முழுக்கச் சிவப்பா எரியுது. ஏன்யா, காதுக்குள்ளயே இப்படிக் கத்துதே, அப்பக்கூட நிறுத்த மாட்டியான்னு கேட்டேன். என்ன கத்துதுன்னு கேக்கறான்!" வெர்லின் ஹெல்மெட்டைக் கழற்றினான். கழற்றும்போது அது வலது காதைக் கடந்து போனது. அப்போதுதான் முதல்தடவையாகத் தன் நாயின் குரலைக் கேட்டான். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து வலது காதோடு வைத்துக்கொண்டு சாலை ஓரத்தில் அப்படியே நின்றானாம். போலீஸ்காரர் அதை நடித்துக் காட்டினார். கல்யாணப் பரிசு ஜோக்குக்குக்கூட அந்த பார் அவ்வளவு சிரித்ததில்லை.

வெர்லின் வீட்டுக்கு வந்தபோது மேசையில் சாப்பாடு இருந்தது. அவன் உட்காரவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியும். சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"ஷெட்ல சொன்னேன். அன்னைக்குச் சாப்பிடறப்ப சொன்னேன். இன்னைக்குக் காலைல சொன்னேன்."

அவன் அவளையே பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ கணக்குத் தாமதமாக ஓடியது. "எந்தப் பக்கம் நின்னு சொன்ன?"

"நீ நிக்க வெச்ச பக்கம்."

அவன் கை ஓங்கவில்லை. ஓங்குவான் என்று எதிர்பார்த்து அவள் தயாராகத்தான் இருந்தாள். அவன் நாற்காலியை இழுத்து, தன் இடத்தில் உட்கார்ந்து, ஆறிப்போனதைத் தின்ன ஆரம்பித்தான்.

நீதிபதி சொன்னதைச் செய்தார், முதலாளியும் செய்தார். மோட்டார் சைக்கிளை ஆர்லோவின் பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிக்கொண்டு போனான். வெர்லினுக்கு சீஸ் தொழிற்சாலையில் தரை கழுவும் வேலை கிடைத்தது. லைசென்ஸ் இல்லாதவனை மார்லிஸ்தான் தினமும் கொண்டுபோய் விட வேண்டும். இப்போது அவள் ஓட்டுகிறாள், அவன் பக்கத்து இருக்கையில். அங்கே உட்கார்ந்தால் அவனுடைய இடது காதுதான் அவளைப் பார்த்து இருக்கும். அதை அவன் முதல்நாளே கண்டுகொண்டான்.

அவள் ரேடியோவைப் போடுவதே இல்லை. வழி முழுக்கப் பேசுவாள். சத்தம் போடாமல், அவசரப்படாமல், சாலையைப் பார்த்தபடி. உதடு அசைவது அவனுக்குத் தெரியும். சில நாள் பேசிவிட்டுத் தனக்குத்தானே சிரிப்பாள். அவன் தொடையின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருப்பான்.

செப்டம்பரில் ஒரு காலை, சோள வயல்கள் காய்ந்து நின்ற வளைவில் சொன்னாள்: "ஆர்லோ வீட்டு மாடி ரூமைச் சுத்தம் பண்ணியாச்சு. பனி விழறதுக்கு முன்னாடி போயிடுவேன். உன்னை வேலைக்கு யாரு கொண்டுபோய் விடுவாங்களோ எனக்குத் தெரியாது."

அன்று அவள் சிரிக்கவில்லை. அதைக் கவனித்தவன் பயந்துவிட்டான்.

"என்ன சொன்ன?" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டதே இல்லை. "மார்லிஸ், கொஞ்சம் சத்தமாச் சொல்லேன்."

அவள் சாலையைப் பார்த்தபடி ஓட்டினாள். அவன் இருக்கையில் முழுசாகத் திரும்பினான். சீட் பெல்ட் கழுத்தை அறுக்க, முகத்தைப் பின் இருக்கைப் பக்கம் திருப்பி, வலது காதை எட்டியவரை அவள் வாயருகே கொண்டுவந்து நீட்டினான். எதிரே பால் டாங்கர் ஒன்று வந்தது, அவனுடைய பழைய டாங்கர். புதிதாக வந்த டிரைவர் தெரிந்த கார் என்று விளக்கைச் சிமிட்டி, கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். மார்லிஸ் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினாள். வெர்லின் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, காதை அவள் பக்கம் நீட்டியபடியே இருந்தான்.