நான்கு பாட்டில் தண்ணீர்

நண்பன் பாபுவைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் ஸ்ரீகாந்த் அவனுக்கு நான்கு பாட்டில் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தான். நசரத்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு நீச்சல்குளப் பார்ட்டி. போதை மாத்திரை போட்டு உடம்பு கொதித்தால் நிறையத் தண்ணீர் குடிக்கணும் என்று போனில் படித்திருந்தான். போன் சொன்னால் ஐ.டி.காரன் மறுபேச்சு பேசுவானா?

மூன்று மணிக்கு பாபு உளற ஆரம்பித்தான். ஆட்டோ பிடித்து பூந்தமல்லியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான் ஸ்ரீகாந்த்.

டியூட்டி டாக்டர் சபீனாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. “என்னப்பா ஆச்சு?”

“வெயில்ல ஆடிட்டிருந்தான் டாக்டர். மயங்கிட்டான்.”

டிரிப்ஸ் மாட்டப் போன நர்ஸைக் கையை நீட்டி நிறுத்தினார் சபீனா. டார்ச் அடித்தார், விரிந்திருந்த கண்மணி சரியாகச் சுருங்கவில்லை. உதட்டை விலக்கிப் பார்த்தார். கன்னத்தின் உட்புறம் பல்லால் கடிபட்டுப் புண்ணாகிக் கிடந்தது.

“வெயில் பல்லைக் கடிக்க வைக்காது, தம்பி. இன்னா மாத்திரை?”

மாத்திரையை வாங்கியவன் ஸ்ரீகாந்த். ‘வேணாம் மச்சான்’ என்று பாபு இரண்டு தடவை சொல்லியும் விடாமல் கொடுத்தவனும் அவன்தான். சொன்னால் போலீஸ் வரும், வேலை போகும், திண்டுக்கல்லில் அப்பாவின் தலை குனியும்.

“தெரியாது டாக்டர்.”

சபீனா குரலை உயர்த்தவில்லை. “நான் போலீஸ் இல்ல. ரத்த ரிப்போர்ட் வர முக்கால் மணி நேரம் ஆகும். அவ்ளோ நேரம் இவனுக்கு இருக்கான்னு தெரியல.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் பாபுவுக்கு வலிப்பு வந்துவிட்டது. கட்டில் கிடுகிடுத்தது.

“எம்.டி.எம்.ஏ. டாக்டர்! நான்தான் குடுத்தேன். அவன் வேணாம்னுதான் சொன்னான்.”

“தண்ணி எவ்ளோ?”

“நாலு பாட்டில், நாலு லிட்டர். அதுவும் நான்தான்...”

அப்புறம் சபீனாவின் கைகள் வேலை செய்த வேகத்தை ஸ்ரீகாந்த் பார்த்துக்கொண்டு நின்றான். வலிப்பை அடக்க ஊசி, உடம்புக்கு ஐஸ், சாதாரண டிரிப்ஸுக்குப் பதில் உப்பு அதிகமுள்ள கரைசல். அவனுடைய ஆபீசாக இருந்தால் இதற்கு நாலு மீட்டிங் போட்டிருப்பார்கள். கை ஓடிக்கொண்டிருக்க, வாய் அவனுக்கு விளக்கியது. மூளை சேர்த்து வைத்திருக்கும் செரடோனின் என்ற சந்தோஷ ரசாயனத்தை அந்த மாத்திரை மொத்தமாகக் கொட்ட வைக்கும். அதனால்தான் பார்த்தவனையெல்லாம் கட்டிப்பிடிக்கத் தோன்றும். அதே மாத்திரை, தண்ணீரை வெளியே விடாதே என்று கிட்னிக்கும் உத்தரவு போட்டுவிடும். உள்ளே தங்கிய தண்ணீர் ரத்தத்தில் உப்பைக் குறைக்கும். மூளை வீங்கும்.

மத்தியானம் பாபு தன்னைக் கட்டிப்பிடித்து, ‘நீ என் கூடப்பொறந்தவன்டா’ என்றது ஸ்ரீகாந்துக்கு நினைவு வந்தது. கூடப்பொறந்தவன் செய்கிற காரியத்தையா அவன் செய்திருந்தான்?

ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், நூற்றுப் பதினெட்டு; நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே போகக் கூடாதது. சபீனா ஒரு பார்வை பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். அதற்கான வைத்தியத்தை அவர் எப்போதோ தொடங்கியிருந்தார். என்ன பெண் இவர் என்று இருந்தது ஸ்ரீகாந்துக்கு. காலில் விழலாம் போலிருந்தது.

மறுநாள் காலை பாபு கண்ணைத் திறந்தபோது, டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாத சபீனா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“மச்சான்... தண்ணி குட்றா.”

பாட்டிலை எடுத்த ஸ்ரீகாந்தின் கை பாதியில் நின்றது. சபீனாவைப் பார்த்தான். அவர் பாட்டிலை வாங்கி, அதன் மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். “இப்போதைக்கு இவ்ளோதான்.”

அந்த மூடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் நண்பனின் உதட்டருகே கொண்டு போனான் ஸ்ரீகாந்த்.

பாபு மூடியைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். “இன்னா மாமே, கஞ்சப்பிசினாறி ஆயிட்ட?”

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை ஸ்ரீகாந்துக்கு அப்போதுதான் வெடித்துக்கொண்டு வந்தது.