பகலில் தெரியாத தீ

விடியும் முன்பே பட்டறை ஆட்கள் எண்ணெய் டின்களைக் கவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். உணவுக்கடைகளில் பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய். காய்ச்சி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்தால் லாரிக்கு டீசல். மிஞ்சும் மெத்தனாலை ஆவியாக்கி, தண்ணீர் சுற்றும் குழாயில் குளிரவைத்துத் திரும்பப் பிடிப்பார்கள். அந்தத் தண்ணீரைப் பாதியாகக் குறைத்திருந்தார் முதலாளி. அடக்கவிலை குறைய வேண்டுமாம்.

"குழாய் கொதிக்குதுண்ணே," என்றாள் வால்வைப் பார்த்துக்கொள்பவள்.

"உங்கண்ணி மாதிரின்னு சொல்லு," என்று சிரித்தார் பாய்லர்க்காரர். அவளுடைய சொந்த அண்ணன்.

வெயில் ஏறியபோது குழாயின் மூட்டு தெறித்தது. மெத்தனால் அண்ணன்மேல் கொட்டியது. ஆவி பாய்லர் அடுப்பைத் தொட்டது.

அவர் துள்ளினார். தொடையிலும் மார்பிலும் அறைந்துகொண்டு அலறினார். தீ எங்கும் தெரியவில்லை. கூத்தடிக்கிறார் என்று டின் தூக்குகிறவன் சிரித்தேவிட்டான். பிறகு சட்டை தானாகக் கருகிச் சுருண்டது. கழுத்துத் தோல் வழிந்தது. பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்குப் படாது.

அவள் ஈரச்சாக்கால் அவரைப் போர்த்தி உருட்டினாள். வாசல் வரை தரையில் தீ எங்கே இருக்கிறது, எங்கே இல்லை? துடைப்பத்தை முன்னால் நீட்டி நடந்தாள். அதன் நுனி பற்றிய இடத்தில் விலகினாள். அண்ணனைச் சுமந்தவர்கள் அவள் காலடி பார்த்தே நடந்தார்கள்.

ஆம்புலன்ஸ் போனது. மணல் கொட்டித் தீயை அடக்கிய பிறகுதான் முதலாளி வந்தார்.

"பீடி பத்தவச்சிருப்பான். கேட்டா எல்லாரும் அதையே சொல்லுங்க. குழாயை மாத்திட்டு சாயங்காலம் பாய்லரை ஓட்டணும்."

"எங்கண்ணனுக்குப் பீடி வாசனையே ஆகாது. குழாய் கொதிச்சு வெடிச்சுது."

"ஓஹோ! தீ வந்ததை எவனாவது கண்ணால பாத்தீங்களாடா?"

அவள் கருகிய துடைப்பத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது பாத்துச்சு."

முதலாளியோடு வந்த மேஸ்திரி அவளை அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது. துடைப்பத்தை அவள் விடவில்லை.

"தண்ணி முழுசா ஓடணும். அண்ணனுக்கு வைத்தியம் நீங்க பாக்கணும். அதுவரைக்கும் பாய்லர் சூடு ஏறாது."

"நீ யாருடி சொல்றதுக்கு? ஏறும். மேஸ்திரி, அடுப்பைப் பத்தவைடா!"

மேஸ்திரி நகர்ந்தான். காலையில் சிரித்த டின் தூக்குகிறவன்தான் முதலில் குறுக்கே வந்து நின்றான். மேஸ்திரியின் குத்தில் அவன் மூக்கு உடைந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு, அதே இடத்தில் மறுபடி நின்றான்.

"என்னையும் அடிச்சிட்டுப் போ," என்று எண்ணெய் வடிகட்டுகிற கிழவி அவன் பக்கத்தில் வந்தாள். பிறகு எல்லோரும் வந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் சேதி வரவில்லை. அவர்கள் முதுகுக்குப் பின்னால் பாய்லர் ஆறிக்கொண்டிருந்தது.